ஏற்காட்டுத் தோட்டத்து மருந்துப் பெட்டி: அரிப்புக்கு எது, வலிக்கு எது?

காப்பிப் பழம் எடுக்கும் பருவம் நெருங்கினால் ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து சேலத்து மருந்துக் கடைகளுக்கு ஒரு பட்டியல் வரும். பஞ்சு, பிளாஸ்திரி, காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம். கடைசி வரியில் பெரும்பாலும் "அரிப்புக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு" என்று இருக்கும். முதல் நான்கையும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அப்படிக் கொடுக்க முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் என்ற முறையில், அந்த வரிக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு எண்ணம்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னத் தோட்டம். பருவத்தில் இருபது முப்பது பேர் வேலை செய்கிறார்கள். நர்ஸ் கிடையாது. பெட்டிச் சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் குழந்தைகளும் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வர வேண்டும். பெட்டிக்கு ஒதுக்கிய பணமோ கொஞ்சம்தான். கடையில் மேலே தடவும் மருந்து எத்தனையோ இருக்கிறது: கலாமைன் லோஷன், ஒவ்வாமை எதிர்ப்புக் களிம்பு, மென்தால் தைலம், மிளகாய்க் காரம் சேர்ந்த கேப்சைசின் களிம்பு, மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன், வலிக்கான டைக்ளோஃபெனாக் ஜெல், ஸ்டீராய்டு கலவைக் களிம்பு, வாசலின். இவற்றில் எதை வாங்குவது?

என்னைக் கேட்டால், மருந்தின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அரிப்போ வலியோ எந்த நரம்பு வழியாக வருகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் ஆராய்ச்சியாளர்கள் கடந்த எழுபது வருடத்தில் நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது இன்னும் கவுண்டர் வரைக்கும் வந்து சேரவில்லை.

அரிப்பு வேறு, வலி வேறு

ரொம்ப நாளாக மருத்துவத்திலேயே அரிப்பைச் சின்ன வலி என்றுதான் நினைத்தார்கள். ஒரே நரம்பு மெதுவாகத் தூண்டப்பட்டால் அரிப்பு, பலமாகத் தூண்டப்பட்டால் வலி என்பது அன்றைய கணக்கு. ஆனால் மார்ஃபின் ஊசி போட்டவர்களைப் பாருங்கள். வலி அடங்கிவிடும், சிலருக்கு உடம்பு அரிக்க ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே பொருள் என்றால் இரண்டும் சேர்ந்துதானே குறைய வேண்டும்? இன்னொன்று, வலிக்கிற இடத்திலிருந்து கையை இழுத்துக்கொள்கிறோம். அரிக்கிற இடத்துக்கோ கை தானாகப் போகிறது. 1660-ல் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சொறியத் தூண்டும் உணர்வே அரிப்பு என்று எழுதி வைத்தார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்த வரையறையைத்தான் கையாளுகிறார்கள்.

1997-ல் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர், உயிருள்ள மனிதரின் நரம்புக்குள் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, ஒவ்வொரு நரம்பு இழையாகப் பதிவு செய்தார்கள். ஒவ்வாமையின்போது உடம்பே வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருள் தோலில் பட்டதும் அதிரும் ஒரு வகை இழை அவர்களுக்குக் கிடைத்தது. அது தொட்டாலும் அழுத்தினாலும் அசையாது. செய்தி கடத்துவதிலும் வெகு மெது, நொடிக்கு அரை மீட்டர் அளவுதான். ஹிஸ்டமின் தந்த அரிப்பு எத்தனை நேரம் நீடித்ததோ அத்தனை நேரமும் அந்த இழை பேசிக்கொண்டிருந்தது. அரிப்புக்கென்று ஒரு வழி உண்டு என்பதற்கு மனிதரிடமே கிடைத்த நேரடிச் சான்று அது.

அது மட்டும்தான் வழி என்றால் எல்லா அரிப்புக்கும் ஹிஸ்டமினைத் தடுத்தால் போதும். அப்படி இல்லை என்று காட்டிக் கொடுத்தது நம் மலைச்சரிவில் படரும் ஒரு கொடி. பூனைக்காலி. காய்மேல் பழுப்பு மயிர் மூடியிருக்கும். அது பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1955-ல் ஷெல்லி, ஆர்தர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அந்த மயிரில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருப்பதைக் காட்டினார்கள். அந்த நொதிக்கு மியூக்குனைன் என்று பெயர். அது தோல் நரம்பில் வேறொரு வகை ஏற்பியை, அதாவது செய்தி வாங்கும் புரதத்தை, தட்டுகிறது என்பது 2008-ல் தெளிவானது. ஹிஸ்டமினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால்தான் இன்றைக்கு அரிப்பு ஆய்வுக்கூடங்களில் பூனைக்காலி மயிர் ஒரு நிரந்தரக் கருவி. சோதனை நடக்கும் விதம் எளிமையானது. நலமாக உள்ள ஒருவரின் முன்கை உட்புறத்தில் ஓரிடத்தில் ஹிஸ்டமின் துளியை வைத்து ஊசியால் லேசாகக் குத்துவார்கள். இன்னோரிடத்தில் சில பத்துப் பூனைக்காலி மயிர்களைத் தேய்த்துச் செருகுவார்கள். அவர் சொறியக் கூடாது. அரிப்பு எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று விட்டுவிட்டு ஓர் அளவுகோலில் குறித்துக்கொண்டே வர வேண்டும். இதற்கு முன்பே ஒரு கையில் மருந்துக் களிம்பும் மறு கையில் மருந்தில்லாத வெறுங்களிம்பும் தடவியிருப்பார்கள். எந்தக் கையில் எது என்று அவருக்குத் தெரியாது.

2007-ல் வெளிவந்த இப்படியொரு ஆய்வின் முடிவை என் கடையில் எழுதித் தொங்கவிடலாம். ஹிஸ்டமின் எதிர்ப்புக் களிம்பு (கடையில் ஒவ்வாமை எதிர்ப்பு என்று சொல்வது இதைத்தான்) தடவிய தோலில் ஹிஸ்டமின் அரிப்பு அடங்கியது, பூனைக்காலி அரிப்பு அடங்கவில்லை. ஹிஸ்டமின் பட்ட இடம் தடித்துச் சுற்றிலும் பெரிதாகச் சிவந்தது; பூனைக்காலி பட்ட இடத்தில் அந்தச் சிவப்பு வட்டம் இல்லை. கேப்சைசின் தடவி முன்கூட்டியே மரக்க வைத்த தோலிலோ பூனைக்காலி அரிப்பே எழவில்லை.

இதிலிருந்து கவுண்டருக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: தடிப்பாக எழும்பி அரிக்கிறதா, தடிப்பில்லாமல் அரிக்கிறதா? கொசுக்கடி, பித்தத் தடிப்பு முதல் வகை. வறண்ட தோல், கரப்பான், சிரங்கு, சிறுநீரகக் கோளாறில் வரும் அரிப்பு இவையெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வகை. கேள்வி பிழையில்லாத கருவி கிடையாது, ஆனால் எதையும் கேட்காமல் டியூபை நீட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆய்வுக்கூட அரிப்புக்கும் தோட்டத்து அரிப்புக்கும் உள்ள இடைவெளியையும் சொல்ல வேண்டும். பூனைக்காலி மயிர் தரும் அரிப்பு சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்க் கால் மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். மாதக்கணக்கில் சொறிந்து தடித்த கணுக்காலில் நரம்பின் சுபாவமே மாறியிருக்கும். அதனால் சோதனையில் ஜெயித்த களிம்பு அங்கேயும் ஜெயிக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். சோதனையிலேயே தோற்ற களிம்பை மட்டும் தைரியமாக ஒதுக்கலாம்.

முதலில் அந்தக் கலவைக் களிம்பு

"ஏனுங்கக்கா, போன தடவை கொடுத்தீங்களே அதே டியூபு கொடுங்க, ரெண்டே நாள்ல அடங்கிடுச்சு" என்று மேஸ்திரிகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஒரே டியூபில் க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு கிருமிக்கொல்லி எல்லாம் இருக்கும். விலையும் குறைவு. தடவினால் சிவப்பும் அரிப்பும் சீக்கிரம் தணிவது உண்மை. அதனால்தான் ஆபத்து.

ஸ்டீராய்டு அரிப்பு நரம்பைத் தொடுவதில்லை. தோலின் அழற்சியைக் குறைக்கிறது, அழற்சி குறைவதால் அரிப்பும் குறைகிறது. அரிப்புக்குக் காரணம் படர்தாமரை என்றால், அழற்சியோடு தோலின் எதிர்ப்பையும் ஸ்டீராய்டு படுக்க வைத்துவிடும். பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்ட ஓரம் மங்கிப்போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், மறுபடி அதே டியூபைத் தேடுவார்கள். தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாகக் கீறல் விழுந்த இளைஞர்களை நான் பார்க்கிறேன். இந்தியாவில் பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபைன் மாத்திரைக்கும் அடங்காத படர்தாமரைப் பூஞ்சை பரவி, 2020-ல் அதற்கு இந்தியாவின் பெயரையே ஒட்டி டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. இந்தக் கலவைக் களிம்புகளைக் கண்டபடி தடவியதும் அதற்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை ஹெச் அட்டவணைக்குக் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது.

ஸ்டீராய்டே கெட்டது என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரப்பானுக்கும், பார்த்தீனியம் ஒவ்வாமையில் முகம் கழுத்தெல்லாம் வெந்துபோவதற்கும் டாக்டர் அளந்து கொடுத்தால் அதைப்போல உதவும் மருந்து குறைவு. ஆனால் காரணம் தெரியாத அரிப்புக்கு, யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பெட்டியில் அது இருக்கவே கூடாது. இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கலாமைனும் ஒவ்வாமை எதிர்ப்புக் களிம்பும்

கலாமைன் என்பது ஜிங்க் ஆக்சைடோடு கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, அந்த இளஞ்சிவப்பு நிறம் அதனால் வருவதுதான். அது ஹிஸ்டமினைத் தடுக்காது, நரம்பை மரக்கச் செய்யாது. ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும், கசிவை உலர்த்தும். பூச்சிக்கடிக்கும் வியர்க்குருவுக்கும் அது போதும். மலிவு, குழந்தைக்கும் தடவலாம். ஆனால் மார்கழிப் பனியில் வெடித்த காலுக்குத் தடவினால் இன்னும் உலர்ந்து இன்னும் அரிக்கும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். கலாமைனோடு டைஃபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தும் கற்பூரமும் சேர்த்த லோஷன்கள் உண்டு. இரண்டு மருந்து இருந்தால் இரட்டைப் பலன் என்று மக்கள் நினைக்கிறார்கள். ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தைத் தோலில் தடவினால் சிலருக்கு அந்த மருந்தே புது ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். அம்மை போட்ட குழந்தையின் உடம்பு முழுக்கப் பூசினால் தோல் வழியே ரத்தத்தில் ஏறி மயக்கம், பிதற்றல் வரை போகலாம். தடிப்பெழும்பும் அரிப்புக்கு செட்ரிசின் மாதிரி மாத்திரை இருக்கிறது. அளவு தெரியும், விளைவு தெரியும். அதனால் களிம்பு வடிவில் வேண்டாம். வெறும் கலாமைன் வாங்குங்கள்.

குளிர்ச்சியும் காரமும்

சோதனைகள் அதிகம் பேசுவது மென்தாலையும் கேப்சைசினையும் பற்றித்தான். நம் வீட்டுப் பழக்கத்துக்கும் நெருக்கமானவை இந்த இரண்டும். சேலத்து லீ பஜாரில் மிளகாய் மூட்டை அவிழ்க்கும் இடத்தில் நின்றவர்களுக்குக் காரம் எப்படிக் கண்ணையும் தோலையும் பிடிக்கும் என்று தெரியும். அந்தக் காரத்தின் சாரம் கேப்சைசின். அது நரம்பில் எந்தக் கதவைத் திறக்கிறது என்று 1997-ல் டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்தார். சுமார் 43 டிகிரிச் சூட்டில் திறக்கும் அதே கதவுதான் அது. மூளைக்குச் சூடு பட்டதாகவே செய்தி போகிறது. 2002-ல் குளிர்ச்சிக்கான கதவும், அதையே மென்தால் திறக்கிறது என்பதும் தெரிந்தன. ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் பட்டாபூட்டியன் குழுவும் தனித்தனியாக அதைக் காட்டின. 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜூலியஸுக்குச் சூட்டின் கதவுக்காகவும், பட்டாபூட்டியனுக்கு முக்கியமாகத் தொடுவுணர்வின் கதவுக்காகவும்.

மென்தால் எப்படி அரிப்பைக் குறைக்கிறது? ஐஸ் வைத்தால் அரிப்பு குறைவது எல்லோரும் அறிந்ததே. 1995-ல் நடந்த சோதனையில், தோலின் வெப்பம் இறங்காமலே மென்தால் ஹிஸ்டமின் அரிப்பைக் குறைத்தது. குளிர்ந்தது போன்ற செய்தியே போதுமாக இருந்தது. 2014-ல் எலிகளின் தண்டுவடத்தில் ஒரு வகை நரம்பணுக்களை ஆராய்ந்தபோது காரணத்தில் ஒரு பகுதி கிடைத்தது. மேலே போகும் அரிப்புச் செய்தியை அடக்குவது அந்த அணுக்களின் வேலை. மென்தாலும் கேப்சைசினும் அவற்றை எழுப்புகின்றன. சொறிந்தால் சுகம் கிடைப்பதும் இதே மாதிரிதான், லேசான வலி அரிப்பை அமுக்குகிறது. சொறிவது தோலைக் கிழிக்கும், மென்தால் கிழிக்காது. அதனால் அரிப்புக்கு லேசான மென்தால் லோஷன் என் பட்டியலில் உயரத்தில் இருக்கிறது.

லேசான என்று சொன்னது காரணத்தோடுதான். அரிப்புக்கான லோஷன்களில் மென்தால் 1 சதவீதம் போல இருக்கும். இதே மென்தாலை 40 சதவீதம் அடர்த்தியில் தடவினால் எரிச்சலும், குளிர் பட்டாலே வலிக்கும் நிலையும் வரும். வலி ஆய்வாளர்கள் நலமானவர்களிடம் வலியை உண்டாக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். தலைவலித் தைலத்தை அள்ளிச் சொறிந்த புண்ணில் அப்புவது சரியான வழி இல்லை.

கேப்சைசினின் வேலை தலைகீழ். தடவியதும் எரியும். விடாமல் தடவினால் அந்த நரம்பு நுனிகள் சோர்ந்து, தோலின் மேலடுக்கிலிருந்து பின்வாங்கிவிடும். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்ப வளரும். அந்த இடைவெளியில் வலியும் குறைவு, அரிப்பும் குறைவு. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 சதவீதக் கேப்சைசின் பட்டையை முன்கூட்டியே ஒட்டிவைத்துச் சோதித்தபோது ஹிஸ்டமின் அரிப்பு, பூனைக்காலி அரிப்பு இரண்டுமே வெகுவாகக் குறைந்தன. இரண்டு வழியையும் ஒருசேர அடக்கும் மருந்து என்ற வகையில் இது அபூர்வம்.

ஆனாலும் தோட்டத்துப் பெட்டிக்கு நான் இதைச் சிபாரிசு செய்யவில்லை. 8 சதவீதப் பட்டை மருத்துவர் கையால் ஒட்ட வேண்டியது. அக்கிப் புண் ஆறியபிறகும் விடாத நரம்பு வலிக்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதிலும் சிலருக்குத்தான் நன்றாகக் கேட்கிறது. கடையில் கிடைப்பது 0.025, 0.075 சதவீதக் களிம்பு. அதை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, வாரக்கணக்கில் விடாமல் தடவ வேண்டும். முதல் வாரம் எரியும். காப்பிச் செடிக்கு நடுவில் வியர்வையோடு நிற்பவர், அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிட்டால்? கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கையில் ஒட்டியதை எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இப்படிப் பொறுமையாகச் செய்யக்கூடியவர் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, ஒரு தாத்தா. அவர்களுக்கு டாக்டரைக் கேட்டுத் தனியாக வாங்கலாம்.

மரக்கச் செய்யும் களிம்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிக்னோகெய்ன் நரம்பின் மின்னோட்டத்தையே மறிப்பதால் வலி, அரிப்பு இரண்டையும் குறைக்கும். ஆனால் முழுத் தோலில் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும், புண்ணில் பட்டால் அதிகம் ஏறிவிடும். ப்ராமாக்சின் 1 சதவீதம் சேர்ந்த லோஷன் கிடைத்தால், ஹிஸ்டமின் அரிப்பிலும் சிறுநீரக நோயாளிகளின் அரிப்பிலும் அதற்குச் சோதனைச் சான்று உண்டு. பணம் மிஞ்சினால் வாங்கலாம்.

வலிக்கு

பழம் எடுப்பவர்களின் வலி பெரும்பாலும் தோள், இடுப்பு, முழங்கால். சரிவில் சறுக்கிக் கணுக்கால் சுளுக்குவதும் உண்டு. இங்கே தேர்வு டைக்ளோஃபெனாக் ஜெல்லா, மணக்கும் தைலமா என்பதுதான்.

சுளுக்குக்கும் பிடிப்புக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பல சோதனைகளைத் தொகுத்து மருத்துவச் சான்றுகளைத் திரட்டும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், திடீர்ச் சுளுக்கு வலிக்கு ஒரு வகை டைக்ளோஃபெனாக் ஜெல் தடவியவர்களில் 78 சதவீதம் பேருக்கு நன்றாகக் கேட்டது. வெறும் ஜெல் தடவியவர்களில் 20 சதவீதம் பேருக்கே கேட்டது. பெரிய வித்தியாசம். அதே குழுவினர் 2016-ல் முழங்கால் தேய்மானத்தைப் பார்த்தபோது டைக்ளோஃபெனாக் 60 சதவீதம், வெறும் ஜெல் 50 சதவீதம். இந்த இரண்டாவது கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருந்தே இல்லாத ஜெல்லைத் தடவிய பாதிப் பேருக்கும் வலி குறைந்திருக்கிறது. தேய்த்துவிடும் கை, அன்றைக்கு எடுத்த ஓய்வு, வலி தானாக ஏறி இறங்கும் இயல்பு, கேட்கும் என்ற நம்பிக்கை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. வெறுங்களிம்போடு ஒப்பிடாத எந்த விளம்பரத்தையும் நான் நம்பாததற்கு இதுவே காரணம். வயசானவரின் தேய்மான முழங்காலுக்கு ஜெல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையாக விழுங்குவதில் ஒரு சிறு பங்குதான் ஜெல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த அளவுக்குப் பாரம் குறைவு.

அரிப்புக்கு இந்த ஜெல் உதவாது. "தடவுற மருந்துதானே" என்று பூச்சிக்கடிமேல் இதைத் தடவுபவர்கள் நிறையப் பேர்.

மணக்கும் தைலங்களில் மென்தாலோடு மெத்தில் சாலிசிலேட் இருக்கும். வலி ஜெல்கள் பலவற்றிலும் அது சேர்ந்தே வருகிறது. இடுப்புப் பிடிப்புக்கு அவை சுகம் தரும், அந்தச் சுகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பயம் குழந்தைகளை நினைத்துத்தான். கலப்பில்லாத மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 20 ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். கற்பூரத் தைலம் விழுங்கிய சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கில் மென்தால் தடவினால் மூச்சே அடைக்கலாம். லயத்தில் பெட்டி திறந்து கிடக்கும் என்றால் திரவத் தைலப் பாட்டில் வேண்டாம், டியூபில் வரும் ஜெல்லே போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் இருந்தால் சாலிசிலேட் சேர்ந்த எதையும் அவருக்குத் தடவக் கூடாது.

நான் கட்டிக் கொடுக்கும் பெட்டி

வெறும் கலாமைன் லோஷன் ஒன்று. மென்தால் 1 சதவீத லோஷன் ஒன்று. டைக்ளோஃபெனாக் ஜெல் இரண்டு டியூப். வாசலின் பெரிய டப்பா. செட்ரிசின் மாத்திரை. அகலமான ஒட்டும் பிளாஸ்திரிச் சுருள். ஒரு நல்ல சோப்பு.

வாசலினைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள், மருந்தே இல்லையே என்று. மலைக் குளிரில் வயசானவர்களுக்கு வரும் அரிப்பில் பெரும்பங்கு தோல் வறட்சிதான். வறண்ட தோலின் தடுப்பு உடைந்திருக்கும், உள்ளே நரம்பு நுனிகள் லேசான உரசலுக்கும் எழும்பும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை அங்கே பேருக்குத்தான். குளித்த ஈரம் காயும் முன்னே வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவினால் அரிப்பின் காரணமே போகிறது. பெட்டியில் இருப்பதிலேயே அதிகம் பேருக்கு உதவப்போவது அதுதான் என்று நினைக்கிறேன். மலைக்குக் கீழே ஜவ்வரிசி ஆலையில் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களுக்கும் முதல் மருந்து இதே. கொலுசுப் பட்டறை என்றால் பெட்டி வேறு மாதிரி. அங்கே முதல் தேவை தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர், எரிகிற தோலில் மென்தாலைக் கொண்டுபோகக் கூடாது.

பிளாஸ்திரி எதற்கு? பூனைக்காலி மயிரும் கம்பளிப்பூச்சி மயிரும் தோலில் செருகியிருக்கும்வரை எந்தக் களிம்பும் முழுசாகக் கேட்காது. தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். தொடாமல், பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டிப் பிய்த்து மயிரை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, அதன் பிறகு மென்தால் லோஷன். சிவப்பெறும்பு கடித்தால் அரிப்பைவிட எரிச்சல் முந்தும். கழுவிவிட்டுக் குளிர்ந்த துணி போடுங்கள்.

வேப்பிலையும் குப்பைமேனியும் அரைத்துப் போடுகிறார்களே என்று கேட்பார்கள். ஈரமான பச்சிலைப் பத்து குளிர்ச்சி தரும், அந்த அளவுக்கு அரிப்பு தணிவதில் ஆச்சரியமில்லை. கிழிந்த தோலில் மட்டும் வேண்டாம். சிலருக்குக் குப்பைமேனியே தோலைப் பொரியச் செய்யும். போட்ட இடம் சிவந்தால் உடனே கழுவிவிடுங்கள்.

பெட்டியில் எதுவும் கேட்காத அரிப்புகளை மேஸ்திரிக்குச் சொல்லி வைக்க வேண்டும். ராத்திரி அதிகமாகி, விரலிடுக்கிலும் இடுப்பிலும் அரித்து, வீட்டில் எல்லோருக்கும் பரவினால் அது சிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி ராத்திரி விட்டு, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீளலாம், பூச்சி சாகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை பார்க்க வேண்டும். வட்டமாகப் படர்ந்து ஓரம் உயர்ந்திருந்தால் தோல் டாக்டர். குளவி பலது கொட்டினாலோ, கடித்தபின் உதடு வீங்கி மூச்சு இழுத்தாலோ பெட்டியைத் திறந்து நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு டியூப்மேலும் தடித்த பேனாவில் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன்: கலாமைனில் "கடிக்கு, வியர்க்குருவுக்கு", மென்தாலில் "அரிப்புக்கு, கண்ணில் படாமல்", ஜெல்லில் "சுளுக்குக்கு மட்டும், புண்ணில் வேண்டாம்", வாசலினில் "குளித்ததும்". பருவம் முடிந்து பெட்டி கீழே வரும்போது எது காலியாகியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று பார்த்து அடுத்த பட்டியலைப் போட்டுக்கொள்ளலாம்.